தொண்ணூற்று நான்கு நிமிடம்

ஓஸ்முண்ட்,
உங்கள் இதயம் நின்றிருந்தபோது
நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன்.
உங்களுக்குத் தெரிந்திருக்காது.
மயக்கத்துக்கு முன் நீங்கள் பார்த்தது
ஒரு விளக்கையும் சில முகக்கவசங்களையும்தான்.

பம்பு என் பொறுப்பு.
விரல் தடிமன் குழாயில் கருத்து வந்த உங்களைச்
சிவக்கவைத்துத் திருப்பி அனுப்பினேன்,
நிமிடத்துக்கு ஐந்து லிட்டர், முப்பத்திரண்டு டிகிரி.
திரையில் அழுத்தக்கோடு
காற்றில்லாத நாளின் ஃபியோர்டு போலப் படுத்துக் கிடந்தது.

ஆஸ்தெவோல் படகில் முப்பது வருடம் எஞ்சின் பார்த்தவர் நீங்கள்.
சொன்னால் புரியும்:
ஓட்டம் ஒரு நொடியும் குறையவில்லை.
ஆனால் உங்கள் குழாய்களுக்கு உள்ளே ஒரு தோல் உண்டு.
ஒரே ஒரு செல் கனம்.
அதன்மேல், ஆற்றுக்கல்லில் பாசிபோல,
கண்ணுக்கு எட்டாத ஒரு சர்க்கரைப் பஞ்சு.
ஒவ்வொரு துடிப்புக்கும் சாய்ந்து, நிமிர்ந்து,
விரி என்றும் போதும் என்றும்
தசைக்குச் சேதி சொல்லிக்கொண்டே இருக்கும்.
அறுபத்தெட்டு வருடம் அலையிலேயே வளர்ந்தது.
நான் கொடுத்ததோ
பிளாஸ்டிக்கில் உரசிச் சினந்த ரத்தம்,
அலையில்லாத வெள்ளம்.

பாசி பெயர்ந்தது.
அதை நான் பார்க்கவில்லை.
ஆய்வகத் தாளில் ஓர் எண்ணாக வந்தது.

மூன்றாம் நாள் குன்வோர் வந்தாள்.
முன்கையில் பட்டையை இறுக்கி
ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி
சட்டென்று விட்டாள்.
பசித்த கைக்குள் வெள்ளம் பாயும்போது
மேலே தமனி அகல வேண்டும்.
அறுவைக்கு முன் நூற்றுக்கு ஆறு அகன்றது.
இப்போது ஒன்றரை.
கருவியைக் கொஞ்சம் சாய்த்து
மறுபடி அளந்தாள். ஒன்றரை.

உங்கள் விரல்கள் வீங்கியிருந்தன.
நீர் கசிந்து சதைக்குள் இறங்கியிருந்தது.
மோதிரம் ஓர் உறையில், மேசைமேல்.
"இதயம் என்னுடையது, சரி.
இந்தக் கை யாருடையது?"
எல்லாரும் சிரித்தோம்.
ஒட்டுத்தமனிகள் மூன்றும் ஓடுகின்றன,
வெற்றி என்றார் மருத்துவர். உண்மைதான்.
கதவோரம் நின்ற என்னைப் பார்த்து
நீங்கள் யார் என்று கேட்டீர்கள்.
பம்பு என்றேன்.

ஆறாம் வாரம். பெர்கனில் மழை,
வேறென்ன.
நனைந்த தொப்பியோடு வந்தீர்கள்.
மறுபடி பட்டை, மறுபடி ஐந்து நிமிடம்.
நான்கு.
"நல்லதா?" என்றீர்கள்.
"திறக்கிறது" என்றாள் குன்வோர்.
மோதிரம் இரண்டாம் கணுவரை போகிறதாம்.
அதற்குமேல் சோப்பு போட்டுப் பார்க்க
மனைவி விடவில்லையாம்.

என் பொறியிலும் துடிப்பு என்றொரு பொத்தான் உண்டு.
அது தோலைக் காக்குமா
என்று கட்டுரைகள் இன்னும் சண்டையிடுகின்றன.
சில நாள் அழுத்துகிறேன். சில நாள் இல்லை.

இன்று காலை எட்டு மணிக்கு வேறொருவர்.
பெயர்கூட இன்னும் படிக்கவில்லை.
புதுக் குழாயில் குமிழி இருக்கிறதா என்று
விரலால் தட்டித் தட்டி
வருகிறேன்.