மருந்துக்கடை மேல் இரண்டாம் மாடி

நெஸ்தானுக்கு வேலை சொல்வது ஓஸ்லோ.
சம்பளம் போடுவது திபிலீசி,
மருந்துக்கடை மேல் இரண்டாம் மாடி.

மூன்று வருஷமாய்த் தாளில் மட்டும்
முதலாளியாய் இருந்த அந்தக் கதவை
வங்கிக் கடனுக்கு ஒரு முத்திரை வேண்டி
நேற்றுத்தான் தட்டினாள்.

உள்ளே ஒரே பெண். ஹீட்டர்மேல் காயும் கையுறை.
பெயர் சொன்னதும் நிமிர்ந்தாள்:
"பல் பிடுங்கி மார்ச்சில் இரண்டு நாள் லீவு,
ஆகஸ்டில் பிள்ளை, இல்லையா?"

முத்திரையை ஊதி ஊதிக் காயவைத்தவள்
தயங்கிக் கேட்டாள்:
"ஆமாம்,
நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள்?"

கப்பல், என்றாள் நெஸ்தான்.
எந்தக் கப்பல் எந்தத் துறையில்
எத்தனை நாள் நிற்கும் என்று...
பாதியில் ஓஸ்லோ கூப்பிட்டது.
மேஜைமேல் போன் நடுங்கி ஓய்ந்தது.

"நின்ற கப்பல் கிளம்பியதா, சொல்லுங்கள்"
என்றாள் முதலாளி.