விளக்கு ஆடவில்லை

கண் சொக்கும்போது நின்றுவிடுகிறது.
விழித்திருக்கையில் சரியாக இருக்கும்,
ஆழ்ந்துவிட்டால் சரியாக இருக்கும்.
நடுவில்தான்.
இன்னும் ஒரு படி இருக்கிறதென்று கால் வைக்க
அங்கே படி இல்லாத மாதிரி.

தூக்கிப் போட்டு எழுந்ததும்
முதலில் பார்ப்பது கூரை விளக்கை.
வல்பராய்சோவில் பிறந்தவர்களுக்கு அது கைப்பழக்கம்:
உடம்பு குலுங்கினால் விளக்கைப் பார்ப்போம்.
ஆடினால் பூமி.
ஆடாவிட்டால்
நான்.

மருத்துவமனையில் யஸ்னா என்ற பெண்
தலையெல்லாம் ஒயர் ஒட்டினாள்.
அந்தப் பசை மூன்று நாள் முடியை விடவில்லை.
காலையில் காகிதச் சுருளை விரித்து
அலையாகப் போன கோடு
தட்டையாகக் கிடந்த இடத்தைப் பேனாவால் தொட்டாள்.
பதினோரு நொடி. இங்கே பாருங்கள், பதினாலு.
தொண்டையில் அடைப்பு ஒன்றும் இல்லை,
இழு என்று சொல்லத்தான்
அந்த நேரத்தில் ஆளில்லை.

எனக்குப் புரிந்தது.
முப்பது வருடமாக மலைப்பெட்டி ஓட்டுகிறேன்.
ஒரே வடத்தில் இரண்டு பெட்டி,
ஒன்று துறைமுகத்துக்கு இறங்க
மற்றது குன்றுக்கு ஏறும்.
இரவு எட்டுக்கு ஷிப்டு மாறும்.
நான் எழுந்து கோட்டை மாட்டுவேன்,
அபெலினோ உள்ளே வந்து குடையை உதறுவான்,
அந்தக் கொஞ்ச நேரம் நெம்புகோலில்
யார் கையும் இருக்காது.

என் உடம்பின் இரவு ஆள்
அபெலினோவை விடத் தாமதமாக வருகிறவன்.

மல்லாந்து படுக்காதீர்கள் என்றாள்.
சட்டை முதுகில் டென்னிஸ் பந்தைத் தைத்துக்கொண்டு
பந்தும் நானுமாக விடிய விடிய விழித்திருந்தோம்.
தலையணை மூன்றானது. ஒயின் நின்றது.
மூச்சை எண்ணாதீர்கள் என்றாள்.
எண்ணாமல் இருந்ததை எண்ணினேன்.
முகமூடி இயந்திரத்துக்கான வரிசையில்
நான் நானூற்றுச் சொச்சம்.

பத்து மணியானால்
கட்டிலைப் பார்க்கவே பயம் வந்தது. அதுதான் மோசம்.
பாத்திரத்தை இரண்டாம் தடவை கழுவுவேன்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம்
என் தங்கை க்ளோரிந்தா.
ஒரு சொல் கேட்காமல் தானாகவே தொடங்கினாள்:
என் மூச்சு திரும்ப நேரமானால்
விரல் முட்டியால் ஒரு டொக்.
இருக்கிறேன் என்பதற்கு
நான் இரண்டு.
எரிச்சலான இரவுகளில் மூன்று தட்டுவேன்,
அதற்கு அர்த்தம்: நீ தூங்கித் தொலை.

சில நாள் அவள் முந்திக்கொள்வாள்.
பலகை வழியே அவள் மூச்சு வரும்,
நீளமாக, முனையில் கொஞ்சம் குறட்டையோடு.
அவள் விட நான் இழுப்பேன்,
அவள் இழுக்க நான் விடுவேன்,
ஒரு வடத்தில் இரண்டு பெட்டி.
கீழே மூடுபனியில் கப்பல் சங்கு ஊதும்.
எந்த இடத்தில் என் பிடி நழுவியதென்று
அப்போதெல்லாம் தெரிவதில்லை.

ஆகஸ்டில் ஒரு இரவு
வழக்கம்போல் தூக்கிப் போட்டது.
வழக்கம்போல் விளக்கைப் பார்த்தேன்.

ஆடியது.

அலமாரியில் கோப்பைகள் பல் நடுங்கின.
மேட்டுத் தெரு நாய்கள் எல்லாம் ஒரே சமயம்.
க்ளோரிந்தா ஒரு கால் செருப்போடு ஓடிவந்து
கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
நீயா, பூமியா?

பூமி, என்றேன்,
பரிசு விழுந்தவள் மாதிரி.

அவள் சிரித்தாள். நான் சிரித்தேன்.
நிறுத்த முடியவில்லை. விலா வலித்தது,
இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது,
யாரும் சொல்லித்தராமல், நெம்புகோல் இல்லாமல்,
வாங்கிக்கொண்டே இருந்தது.

அறைக்குத் திரும்பாமல்
என் கால்மாட்டில் குறுக்கே விழுந்து தூங்கிப்போனாள்.
என் போர்வையில் பாதியும் போயிற்று.
சுவரில் தட்ட இனி கையெட்டாது.
காலால் உதைப்பாளாக இருக்கும்.

விளக்கு இன்னும் லேசாக
இப்படியும் அப்படியும்.
எத்தனை தடவை என்று
எண்ணத் தொடங்கினேன்.
ஏழோ, எட்டோ