சாளரம் மூன்று

வின்னிபெக்கில் ஜனவரி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
உள்ளே, எஃகு மேசையில்,
பிறர் ஆசைப்பட்டு வாங்கியதைப் பிரித்துப் பார்ப்பது
என் உத்தியோகம்.

செர்னிவ்ட்சியிலிருந்து ஒரு பெட்டி.
செய்தித்தாளுக்குள் பஞ்சு,
பஞ்சுக்குள் ஈரம் காயாத எட்டு இலைகள்.
ஆப்பிரிக்க வயலட்.
பூ இல்லை, வேர் இல்லை.
பூனைக்குட்டிக் காதாய் மயிர் படர்ந்த இலையும்
ஒரு துண்டுக் காம்பும்தான் சரக்கு.
ஒவ்வோர் இலையின் முதுகிலும் நீல மையில் ஓர் எண்.

எண்ணுக்குப் பெயர் பட்டியலில் இருந்தது.
ஏதோ இயந்திரம் மொழிபெயர்த்திருக்க வேண்டும்:
ஒன்று, மாமியாரின் கோபம்.
நான்கு, ஈரமான ஞாயிறு.
ஏழு, வேண்டாம் என்று சொன்ன கடல்.
அனுப்புநர் சோர்யானா.
பெறுநர் மார்லிஸ் தோர்வால்ட்சன், கிம்லி.
இலைக்கு மூன்று டாலர்.
தபாலுக்கு நாற்பத்தாறு.

லென்ஸை இறக்கினேன்.
மயிர்க்காட்டுக்குள் பேன் ஊர்கிறதா,
நரம்போரம் முட்டை ஒட்டியிருக்கிறதா.
ஒன்றுமில்லை.
முத்திரை. அடுத்த பெட்டி.

மார்லிஸை எனக்குத் தெரியும், பார்த்ததில்லை.
முந்தைய ஆண்டு வேறெங்கோ
வானவில் வயலட் விதை வாங்கியிருந்தாள்.
இருநூறு விதை இரண்டு டாலர்,
படத்தில் ஒரே பூவுக்கு ஏழு நிறம்.
பிரித்தால் மிளகு மிளகாய் உருண்டது.
வயலட் விதை தூசி மாதிரி இருக்கும்,
தும்மினால் தோட்டமே போய்விடும்.
ஏமாந்தவளுக்கு
என் கையெழுத்திட்ட அச்சுக் கடிதம் போயிற்று.

மார்ச்சில் மறுபடி சோர்யானா.
ஆறு இலைகள். சான்றிதழ் இல்லை.
ஒரு சீட்டு மட்டும்:
"அலுவலகத்தில் மின்சாரம் இல்லை, மன்னிக்கவும்.
என் அலமாரி விளக்குகளுக்கு நாளுக்கு நான்கு மணி நேரம்.
தாய்ச்செடிகள் சாய்கின்றன.
பணம் வேண்டாம். உன்னிடம் இருக்கட்டும்."

விதியில் இதற்கு இடமில்லை.
தேநீர் ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு மஞ்சள் பை, எரியுலை.
காகிதத்துக்குத் தடை கிடையாது.
சீட்டைக் காலிப் பெட்டியில் வைத்து
கடிதத்தோடு கிம்லிக்கு அனுப்பினேன்.
அனுப்பாமலே இருந்திருக்கலாம்
என்று பிற்பாடு தோன்றியது.

மறு ஆண்டு அக்டோபரில் ஏற்றுமதிப் பிரிவுக்கு மாற்றல்.
சாளரம் மூன்று.
மீன் பதனிடும் ஆலைச் சட்டையோடு ஒருத்தி
குளிர்பெட்டியை மேசைமேல் வைத்தாள்.
பனியில் வெடித்த விரல்கணுக்கள்.
"வெளிய அனுப்பணும். முறைப்படி."

எட்டு இலைகள். நீல மை.
மாமியாரின் கோபம் தடித்திருந்தது,
கடல் கொஞ்சம் வெளிறியிருந்தது.
சேருமிடம் செர்னிவ்ட்சி.

"அவகிட்ட இப்ப இதுல ஒண்ணுகூட இல்ல."

விலை என்ன எழுத என்றேன்.
"இலைக்கு மூணு டாலர்.
சும்மா வாங்கிக்க மாட்டா.
நேத்தே அனுப்பிட்டா."

லென்ஸின் கீழ்
தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டேன்.
அவள் என் மார்பிலிருந்த பெயர்ப்பட்டையைப் படித்தாள்,
டெரோஷே என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள்.
கடிதத்தின் அடியில் பார்த்த பெயர்.

"அந்த ஆறுல ஒண்ணுக்குப் பேரே இல்லையாம்,"
என்றாள், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.
"அவளே ஒட்டு சேர்த்து முளைக்கவச்சது.
பூக்கறதுக்குள்ள செடி போயிடுச்சு.
என்ன நிறம்னு அவளுக்கும் தெரியாது."

முத்திரையில் மை காய்ந்திருந்தது.
இரண்டு முறை அழுத்தினேன்,
மூன்றாவது முறை பதிந்தது.
கட்டணம் பதினேழு டாலர்.
அட்டையைத் தேய்த்துவிட்டு
ரசீது வரும்வரை நின்றாள்.
திட்டவில்லை. நன்றி என்றாள்,
எல்லாரும் சொல்வதுபோல.

வீட்டில் நான் செடி வளர்ப்பதில்லை.
ஆனால் சில இரவுகளில்
பல் துலக்கும்போது, வாயில் நுரையோடு,
ஊதாவாக இருக்குமோ என்று நினைக்கிறேன்.
ஊதாதான் சாதாரணம்.
ஊதாவாகவே இருந்திருக்கட்டும்.