பதினோரு கிலோ பாக்கி

முதல் வருஷம் எல்லாவற்றுக்கும் தாள் இருந்தது.
முண்டு மிளகாய் இருபது டன், எட்டிவயல் சரக்கு,
ஈரம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டாது என்று ஒரு தாள்.
மாற்றாக மாத்தளைக் கிராம்பு ஆறு டன்,
காம்பு கழித்து, என்று ஒரு தாள்.
இரண்டையும் சேர்த்துக் கட்ட மூன்றாவது.
அதற்கு மதுரையில் ஒரு வக்கீல், கொழும்பில் ஒரு வக்கீல்.
அரக்கு முத்திரை வைத்த மாதிரிச் சாடிகள் நான்கு.

அவர்கள் ஊரில் டாலர் இல்லை.
எங்கள் கீழக்கரைக் கிட்டங்கியில்
விலை போகாத மிளகாய் கிடந்தது.
வேறு எந்தப் பிரியமும் இல்லை.

குலரத்ன தோட்டத்துத் தமிழில் சொன்னார்:
“காசு இல்லீங்க மேடம். கராம்பு இருக்கு.”
தாளில் அதைக் கிராம்பு என்று திருத்தினேன்.

மறு வருஷம் சாக்குக்குச் சாக்கு காம்பு.
பொறுக்கி நிறுத்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு கிலோ.
அவர் என் மிளகாயைப் பிளந்து
உள்ளே பூத்த பூஞ்சையைப் படம் பிடித்து அனுப்பினார்.
நல்ல படம். வெளிச்சம் பார்த்து எடுத்திருந்தார்.
கடற்காற்று சாக்குக்குள் புகுந்ததற்கு
நான் என்ன செய்ய?
மூன்று மாதம் நாங்கள் பேசவில்லை.
வக்கீல்கள் பேசினார்கள், மணிக்கு இவ்வளவு என்று.

அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்தேன்.
காம்பும் பூஞ்சையும் சேர்ந்த நஷ்டத்தைவிட
நானூறு டாலர் அதிகம்.
அதே வாரம் அவரும் அதே கணக்கைப் போட்டிருக்கிறார்.
போனில் முதலில் சிரித்தது யார் என்பதில்
இன்னும் வழக்கு நிற்கிறது.

பிறகு தாள் மெலிந்தது.
சாடி இரண்டானது, ஒன்றானது,
அந்த ஒன்றில் இப்போது முனியசாமி
சீட்டுக் கிளிப்புகள் போட்டு வைத்திருக்கிறான்.
மேடம் போய் நங்கி வந்தது.

தை மாதம் பெய்யக் கூடாத மழை பெய்து
முதுகுளத்தூர் வயலில் செடியோடு அழுகிய வருஷம்
பன்னிரண்டு டன்தான் அனுப்ப முடிந்தது.
அவர் ஆறு டன்னும் ஏற்றிவிட்டார்.
“மிச்சம் அடுத்த வருஷம், நங்கி.”
எந்தத் தாளிலும் இல்லை அது.
நல்ல மனசு என்று சொல்லிவிட மாட்டேன்.
அந்த வருஷம் கிராம்பு விலை சரிந்திருந்தது.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

போன ஆடியில் அவர்கள் வங்கிக்கு டாலர் வந்துவிட்டது.
இனிக் காசாகவே தந்துவிடுவாராம்.
குண்டூர்க்காரரிடமும் விலை கேட்டிருக்கிறாராம்.
“தப்பா நினைக்காதீங்க, மேடம்.”

விலையில் ஒன்பது ரூபாய் வித்தியாசம்.
நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.
அந்த மேடம்தான், செருப்புக்குள் மணல் மாதிரி.

பழைய கணக்கை நேர் செய்தோம்.
கடைசியில் பதினோரு கிலோ நின்றது, அவர் தர வேண்டியது.
பரமக்குடி ஆடிட்டர் சந்தானகிருஷ்ணன்
பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார்:
“தள்ளுபடி எழுதிடலாமா? நூறு டாலர்கூடத் தேறாது.”
நிற்கட்டும் என்றேன்.
எதற்கு என்றார். காற்றாடியைக் கூட்டி வைத்தேன்.

பங்குனிக் கடைசியில்
நிலுவை ஒப்புதல் கேட்டு எழுத வேண்டும், சட்டம்.
எழுதினேன்:
தங்களிடமிருந்து வர வேண்டியது, கராம்பு, பதினோரு கிலோ.

நாலு நாள் கழித்து ஒரு குரல் பதிவு,
பின்னால் லாரி ஹாரன், யாரோ சிங்களத்தில் திட்டுகிறார்கள்:
“சரிங்க. பதினோரு கிலோ.
கிராம்பு.”

அனுப்புகிறேன் என்று சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.