என்ன பழுது

இருபத்திரண்டு வருஷமாகச் சூடுதான் எனக்கு எதிரி.
ஆவாரம்பாளையத்தில் இந்தத் தகரக் கூரைக்குக் கீழே
எரிந்துபோன மோட்டார்களைத்தான் கொண்டுவந்து இறக்குவார்கள்.
மூடியைக் கழற்றியதும் வார்னிஷ் கருகின வாடை.
முகர்ந்தே சொல்லிவிடுவேன்:
இது தண்ணியில்லாமல் ஓடினது,
இது ஒரு பேஸ் போயும் விடாமல் ஓடினது,
இது வெறுமனே வயசானது.

சுபாஷிணி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
கரண்ட் போன மத்தியானம்.
"கால் இஞ்ச் செம்புக்குழாய்ங்க்கா, ஏழு சுத்து.
உள்ள தண்ணி ஓடோணும்."
எந்த மோட்டாருக்கு கண்ணு?
"மோட்டார் இல்லீங்க."
அப்புறம் எதைச் சுத்தவைக்கும் அது?
"எதையும் சுத்தாதுங்க. சூடு பண்ணும், அவ்வளவுதான்."

சிரித்துவிட்டேன்.
சூடாக்கச் சொல்லி ஒருத்தி
காசும் கொடுக்க வந்திருக்கிறாள்.

இரும்புத்துரு மாதிரி ஒரு பொடியாம்.
ஒரு முடியின் குறுக்கே
ஐயாயிரம் வரிசையாக நிற்குமாம்.
முடி என்றதும் கை தானாகத் தலைக்குப் போனது.
வளர்ந்துவிட்டது.
கைக்குத்தான் இன்னும் நம்பிக்கை வரவில்லை.

சுருளுக்குள் காந்தம் திசை மாறும்,
விநாடிக்கு மூன்று லட்சம் தரம்.
அந்த அலைக்கழிப்பில் பொடி சூடேறும்,
நாற்பத்திரண்டு டிகிரி வரைக்கும்.
இவ்வளவுதானா? கரூர்க்காரங்க
கத்திரியில் அதில்தானே நடக்கிறார்கள்?
"மேல போனா நல்ல சதையும் வெந்துருங்க.
கீழ இருந்தா குமிழ் திறக்காதுங்க."
கொழுப்பில் செய்த குமிழ். மார்கழியில்
தேங்காயெண்ணெய் போத்தலில் உறைந்து கிடக்கிற மாதிரி
மருந்தைப் பிடித்து வைத்திருக்கும்.
கட்டி இருக்கிற இடத்தில் மட்டும் உருகும்.
மற்ற இடமெல்லாம் வாயைத் திறக்காமல் கடந்துபோகும்.

பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தாள்,
சுண்டுவிரல் அளவு. வெறும் தண்ணியில் சாயம்தான்,
அளவு பார்க்கக் கொண்டுவந்தது என்றாள்.
நான் அந்தச் சிவப்பைப் பார்த்தேன்.

நாலு தரம் ஏறியிருக்கிறது எனக்குள் அது.
இடது மாரில் இருந்தது ஒரு புளியங்கொட்டை.
ஒரு திருடனுக்காகத் தெரு முழுக்கக் கதவை உடைத்தார்கள்:
புருவம், நாக்கு, நகக்கண், குடல்.
மூத்திரம் சிவப்பாகத்தான் போகும் என்று
நர்ஸ் சொல்ல மறந்த அந்த முதல் ராத்திரி
கக்கூஸ் கதவைப் பிடித்துக்கொண்டு
ரத்தம் என்று நின்றேன்.

இந்த மருந்துதானா கண்ணு, என்றேன்.
அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடியை.
"ஆமாங்க்கா."
யாருக்குக் குடுக்கறீங்க?
"இப்போதைக்குத் தட்டுல வளர்த்த செல்லுக்குங்க.
அப்புறம் எலிக்கு."
மனுஷருக்கு?
காகிதத்தை மடித்தாள், பிரித்தாள்.
"பத்து வருஷம் ஆகலாம். ஆகாமலும் போகலாங்க்கா."

பொய் சொல்லாததற்காக
கூலியைத் தள்ளிவிட்டேன். செம்புக்கு மட்டும் காசு.

குழாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணியில் போட்டேன்,
அப்போதுதான் சொன்னபடி வளையும்.
சலித்த மணலை நிரப்பி இரண்டு முனையையும் அடைத்து
பிவிசி பைப்பின் மேல் சுற்றினேன்.
மணல் இல்லாமல் சுற்றினால் நசுங்கும்.
நசுங்கினால் தண்ணி நிற்கும், சுருள் வேகும்,
நடுவே இருக்கிறதும் வீண்.
ஐந்தாவது சுற்றில் லேசாக ஒரு மடிப்பு.
அவளுக்குத் தெரிந்திருக்காது.
அறுத்துப்போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சாயங்காலம் பதிவு நோட்டைத் திறந்தேன்.
குதிரைத்திறன்: கோடு.
எத்தனை பேஸ்: கோடு.
என்ன பழுது என்ற கட்டத்தில் பேனா நின்றது.
"பழுதில்லை. சூடாக வேண்டும்" என்று எழுதினேன்.

அதற்கடுத்த வரி அன்னூர் போர்வெல் மோட்டார்,
ஐந்து எச்பி.
மூடியைக் கழற்றினேன். அதே வாடை.
தண்ணியில்லாமல் ஓடினது.