மூன்று விரற்கடை

சம்பளம் வாங்கி ஒட்டுக்கேட்பவள் நான்.
ஆய்வகப் பதிவேட்டில் அந்தச் சொல் இருக்காது.
‘மூன்றாம் முனை’ என்று எழுதியிருப்பார்கள்,
கீழே என் கையெழுத்து.

ஊலு நகரம், பிப்ரவரி.
கடல் கெட்டிப்பட்டுக் கிடக்கிறது.
அதன் முதுகில் ஏறி
ஹைலுவோத்தோ தீவுக்கு லாரி போகிறது.
இந்தக் கோடியில் இங்கெரி,
அந்தக் கோடியில் தைஸ்தோ,
இடையில் நானூறு மீட்டர் வெள்ளை.
ஆளுக்கொரு ஆன்டெனா, ஆளுக்கொரு பிளாஸ்க்.
நடுக்கோட்டுக்குச் சற்றே விலகி
மடக்கு நாற்காலியில் நான்,
ஹெட்போனும் கெட்ட எண்ணமுமாக.

அவர்கள் ரகசியம் எதையும் அனுப்புவதில்லை.
ஊரறிந்த ஒரு சீழ்க்கையை அவள் அனுப்புகிறாள்.
அதே சீழ்க்கையை அவன் திருப்புகிறான்.
படகுத்துறைத் தகரத்தில், பிர்ச் மரங்களில்,
உறைந்து நிற்கும் இழுவைக் கப்பலில்
மோதிச் சிராய்த்துக்கொண்டு வந்து சேர்கிறது அலை.
போன வழியே வந்த வழி என்பதால்
இருவர் கையிலும் ஒரே சிராய்ப்பு.
அதை ஒன்று, பூஜ்யம் என்று எழுதிக்கொண்டால்
சாவி.
யாரும் யாருக்கும் கொடுத்துவிடாத சாவி.

எனக்கும் அதே சீழ்க்கைதான் கேட்கிறது.
சிராய்ப்புதான் வேறு.
அலையின் நீளத்தில் பாதி,
மூன்று விரற்கடை தள்ளி நின்றாலே
காற்று வேறு கதை சொல்லும் என்பது கணக்கு.
பகலில் பக்கம் பார்த்துப் பேசச் சொன்னவர்கள்
பக்கம் என்றால் எவ்வளவு என்று சொல்லாமல் போனார்கள்.
இங்கெரி அளந்து வைத்திருக்கிறாள்.

இன்று கணக்கு படுத்துவிட்டது.
மைனஸ் இருபத்தாறு.
இலை இல்லை, பறவை இல்லை, லாரிகூட இல்லை.
புகைபோக்கியின் புகை
ஆணி அடித்தாற்போல் நிற்கிறது.
எதுவும் அசையாத இடத்தில்
அலைக்குப் புதிதாக என்ன அடிபடும்?
முதல் வரிசை: பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.
இரண்டாம் வரிசையும் அதுவே.
நான் கேட்கக்கூட இல்லை, ஊகித்தேன்.
“உங்கள் சாவி என் பையில்,” என்றேன் வாக்கிடாக்கியில்.
தைஸ்தோ ஒரு கெட்ட வார்த்தை சொன்னான்,
பூட்டு எதுவும் போடாமல், கடல் முழுக்கக் கேட்கும்படி.

வெற்றி பெற்றவளுக்குக் கால் மரத்துப்போனது.
முதலுதவிப் பெட்டியிலிருந்த
வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றிக்கொண்டு எழுந்தேன்.
குதித்தேன். தாளமில்லாமல் மிதித்தேன்.
அவர்கள் இருவருக்கும் குறுக்கே
போனேன், வந்தேன், சறுக்கி விழுந்தேன்.

வாக்கிடாக்கி கரகரத்தது.
“யார் அது அசைவது?”
“நான்தான். குளிர்.”
“நிறுத்தாதே.”

நிறுத்தவில்லை.
அரை மணி நேரம்
என்னை வெளியே வைக்கும் பூட்டை
என் பாதங்களாலேயே அடித்துக்கொடுத்தேன்.
என் நடுக்கம், என் போர்வை, என் வழுக்கல்.
எல்லாம் என்னுடையது.
அதிலிருந்து பிறந்த நூற்று இருபத்தெட்டு எழுத்தில்
எனக்குப் பிடிபட்டது பாதி.
காசு சுண்டியிருந்தாலும்
பாதி வந்திருக்கும்.

வேனில் சூடு ஏற நேரம் பிடிக்கிறது.
இங்கெரி எண்களைப் பார்த்துத் தனக்குள் சிரிக்கிறாள்.
விரல்களை ஹீட்டரில் காட்டியபடி தைஸ்தோ கேட்டான்:
“நடக்கும்போது என்ன சொல்லிக்கொண்டிருந்தாய்?
தொலைநோக்கியில் பார்த்தேன், உதடு அசைந்தது.”

பல் கிட்டியது,
வேறொன்றுமில்லை என்றேன்.