நான்கெல்லைக்கு உட்பட்டது

களியக்காவிளை மீன்சந்தைக்குப் பின்னே
டாக்குமெண்ட் ஆபீசில் நான் தட்டச்சு.
பக்கத்துக்கு நாற்பது ரூபாய்.
திருத்தத்துக்குக் காசு கிடையாது.

றெஜினாள் வந்தது திங்கட்கிழமை.
பாங்குக்காரர் சுவரில் எழுதிப்போன
சிவப்பு எழுத்தை மறைக்க
ஒரே சேலையை நாலு நாளாய்
காயப் போட்டிருக்கிறாராம்.

கூடவே எட்வின்ராஜ்.
புரோக்கர் என்றால் அவனுக்குக் கோபம் வரும்.
வந்ததும் அவருக்கு ஒரு நாரங்கா வெள்ளம் சொன்னான்.
உப்புப் போட்டு.

"ஏலத்துக்குப் போனா பாதிக்குப் போவும் மாமீ.
பேப்பர்ல வீட்டுப் படத்தோட வரும்.
பிள்ளைக்க கல்யாணத்த யோசிச்சுப் பாருங்க.
இருபத்தாறுக்கு ஒருத்தன
கஷ்டப்பட்டுப் பிடிச்சு நிறுத்தியிருக்கேன்."

பேப்பரில் வீட்டுப் படம் வராது.
முப்பது நாள் அவகாசம் உண்டு.
பாங்கில் போய்ப் பேசலாம்.
எனக்குத் தெரியும்.
அந்நேரம் பார்த்து
பிரிண்டரில் பேப்பர் சிக்கியது,
குனிந்து உருவிக்கொண்டிருந்தேன்.

*எனது சுயபுத்தியுடனும் பூரண சம்மதத்துடனும்
பிறர் தூண்டுதல் ஏதுமின்றி*
என்ற வரியை அடிக்கவே வேண்டாம்.
பழைய ஃபைலில் கிடக்கும்.
பெயரை மாற்றினால் போதும்.

வடக்கே பஞ்சாயத்து றோடு.
கிழக்கே கனால்.
தெற்கே வர்கீஸ் வகை றப்பர் விளை.
மேற்கே என்ன என்றேன்.
கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:
"ஒரு அயனி நிக்கும் பிள்ளே.
அதுக்க அங்கோட்டு நமக்கது இல்ல."
மரம் எல்லையாகாது என்றான் எட்வின்ராஜ்.
சர்வே எண் போட்டேன்.

"பவர்னா என்ன மக்களே?"
"ஒங்களுக்கு அலைச்சல் வேண்டாம்னுதான் மாமீ."
சிரித்தார். பாவம், நன்றியோடு.
ஒப்பு போடும்முன்
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை
அதே பதினொன்றரை சென்ட்.
அதே கனால்.
வாங்குகிறவர் பாறசாலைக்காரர்,
நெய்யாற்றின்கரையில் லோன் எடுக்கிறார்,
அதனால் ஒரு ரூபாய் குறைக்காமல் எழுத வேண்டும்.
இல்லையென்றால் நானும் அறிந்திருக்க மாட்டேன்.

நாற்பத்தொரு லட்சம்.
எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை.
எண்ணில் அது சின்னதாய்த்தான் இருந்தது.
எழுத்தில் ஒரு வரியைத் தாண்டி
அடுத்த வரிக்கு வந்தது.

அவரிடமும் ரெண்டு சதவீதம்.
றெஜினாளிடமும் ரெண்டு சதவீதம்.
நடுவே பதினைந்து லட்சம்
பட்டா இல்லாத நிலம்போல் கிடந்தது.
வேலி போட எட்வின்ராஜுக்கு
மூன்று நாள் ஆயிற்று.

எனக்கு ஒரு கவர். ஐந்நூறு.
மகனுக்குக் கணக்கு டியூசன் பாக்கி இருந்தது என்று
இங்கே எழுதினால்
கொஞ்சம் நன்றாக இருக்கும்.
இல்லை. ஒரு சுரிதார் எடுத்தேன்.

டிசம்பரில் படந்தாலுமூட்டில் பார்த்தேன்,
சாளை வாங்கிக்கொண்டிருந்தார்,
இருபது ரூபாய்க்கு.
அங்கே ஓட்டு வீடு, வாடகை.
கூட்டத்தில் நெருங்கிச் சொன்னேன்:
"எதுக்கும் ஒரு வில்லங்கம் போட்டுப் பாருங்க மாமீ.
யாரு வாங்கினா, எவ்வளவுக்குன்னு தெரியும்."

"வித்த வீட்டுக்கு இனி என்ன வில்லங்கம் பிள்ளே?
எல்லாம் எட்வின் தீத்துத் தந்தாம்லா.
கிறிஸ்மசுக்குக் கேக்கும் கொண்டு வந்தான்.
நல்லா இருக்கட்டும்."
மீன்காரி மிச்சம் கொடுக்க நேரமானது.
நான் இன்னொருமுறை சொல்லியிருக்கலாம்.
பஸ் வந்தது.

இரண்டு பத்திரத்திலும் கடைசிப் பக்கம்,
சாட்சிகளுக்கும் கீழே,
*தட்டச்சு: அஜிதகுமாரி* என்று இருக்கும்.
பன்னிரண்டு புள்ளியில் அடித்துக்கொண்டிருந்தேன்.
இந்த வருஷம்
அதை ஆறாகக் குறைத்திருக்கிறேன்.